கடல்நாய்க் கரைக்கு ஒரு துணை

ஜூன் 3

அன்புள்ள பொடிசுக்கு,

நாற்பத்து நான்கு வயதுக்காரியை இன்னும் பொடிசு என்கிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. வேறு எப்படி எழுதினாலும் யாரோ ஒருத்திக்கு எழுதுவதுபோல் இருக்கிறது.

மூன்று தடவை போன் செய்தேன். ஒரு தடவை உன் வீட்டுக்காரர் எடுத்து, "கடையில இருக்காங்க, வந்ததும் பேசச் சொல்றேன்" என்றார். அது நடந்து பதினெட்டு நாள் ஆகிறது. அதனால்தான் கடிதம். போனை எடுக்காமல் இருந்துவிடலாம். தபால்காரர் கையில் கொடுப்பதை வாங்காமல் இருக்க முடியாது.

டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். ஐந்து வருஷமாக இதே நாற்காலி என்றால் பார்த்துக்கொள். இடது கையில் ஊசிகள் இருப்பதால் அதை அசைக்கக் கூடாது. வலது கை வேலை வெட்டி இல்லாமல் கிடக்கிறது.

விஷயம் இதுதான். நான் வெளிநாடு போகப் போகிறேன், மிருகம் பார்க்க. சிரிக்காதே. நில அளவை அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் வரைபடம் வரைந்தேன். காடு என்றால் ஒரு மரக்குறி, சதுப்பு என்றால் மூன்று கோடு, கடற்கரை என்றால் புள்ளி புள்ளியாக மணல். அந்தப் புள்ளிகளுக்குள் என்ன நடமாடுகிறது என்று ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. இப்போது பார்க்க வேண்டும். ஏன் இப்போது என்று கேட்காதே. விமானத்தில் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

டிராவல்ஸ்காரர் நான்கு புத்தகங்கள் கொடுத்திருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் சிங்கமும் யானையுமாக இருக்கிறது. "மேடம், சிங்கம் உங்க ஜீப்புக்குப் பக்கத்துலயே வந்து நிக்கும்" என்றார். "சிங்கம் வரும் சார், டயாலிசிஸ் மெஷின் வருமா?" என்று கேட்டேன். மனுஷர் தலையைச் சொறிந்தார்.

எங்கே போகலாம் என்று நீ ஒரு வார்த்தை சொல்லு. சின்ன வயதில் உயிரினப் படமெல்லாம் கத்தரித்து ஒட்டியவள் நீதானே.

உன் அக்கா

ஜூன் 19

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் வேலை அதிகம். பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து பிள்ளைகளுக்குக் கண்ணாடி போட வரிசையில் நிற்கிறார்கள். லென்ஸ் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி மரத்துப்போகிறது. போன் எடுக்காததற்கு இதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

உன் விஷயத்தை மகளிடம் சொன்னேன். பதின்மூன்று வயதாகிறது அவளுக்கு. இரண்டு நாள் உட்கார்ந்து தேடினாள். "பெரியம்மா மலைக் கொரில்லாக் குரங்கு பார்க்கப் போகலாம்மா, அது மனுஷங்கள மாதிரியே உட்கார்ந்து யோசிக்குமாம்" என்கிறாள். திமிங்கலமும் நன்றாக இருக்கும் என்கிறாள். அவள் எழுதிய தாளை இதனுடன் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். தனியாகப் போவது சரியா என்று யோசி.

தங்கை

ஜூலை 2

அன்புள்ள பொடிசுக்கு,

உன் மகளுக்கு என் முத்தம். அவள் எழுத்து உன்னுடையதைவிட எவ்வளவோ தேவலை.

மலைக் குரங்கு வேண்டாம். அதைப் பார்க்க நான்கு மணி நேரம் ஏற வேண்டும். நான் மாடிப்படி ஏறினாலே எங்கள் வார்டு நர்ஸ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறாள். சிங்கக் காட்டிலிருந்து டயாலிசிஸ் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஒரு பகல் முழுக்கப் பயணம். திமிங்கலத்தை ரொம்ப யோசித்தேன். ஆனால் அது படகு. சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் கிடக்கும். எனக்குக் குடிக்க அனுமதி ஒரு நாளைக்கு மூன்று தம்ளர். அந்தக் கொடுமை வேண்டாம்.

கடைசியில் கடல்நாய் என்று முடிவு செய்திருக்கிறேன். சீல் என்பார்களே, அதேதான். ஒரு குளிர் நாட்டில் சின்ன ஊர். ஊர் ஆஸ்பத்திரியில் ஆறு மெஷின் இருக்கிறது. அந்த வார்டின் தலைமை நர்ஸுக்கு நானே எழுதினேன். ரத்தப் பரிசோதனை முடிவுகளை முன்கூட்டியே அனுப்பினால் இடம் ஒதுக்குகிறேன் என்று பதில் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கால் மணி நேரத்தில் கடற்கரை. நவம்பரில் நூற்றுக்கணக்கில் கரையேறிக் குட்டி போடுமாம். ஒரு மரக்குடிலில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டியதுதான். குடிலுக்குள் பேசக் கூடாது என்று போட்டிருக்கிறது. படத்தைப் பார்த்தேன். அதுகளும் சும்மா உருண்டு படுத்துக் கிடக்கின்றன, எங்கள் வார்டு மாதிரியே.

ஒரே ஒரு சிக்கல். நோயாளியோடு வருவதாக உறவுக்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். அதனால் நீ வருகிறாயா?

நேராகவே கேட்டுவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்கு மூச்சு இல்லை. நான்கு வருஷத்துக்கு முன் நீ எனக்குக் கிட்னி தருவதாக இருந்தாய். ஆஸ்பத்திரியில் சேரும் அன்றைக்குக் காலையில் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதில் யார் குற்றமும் இல்லை. ஆனால் அன்றோடு நீ என் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. கிட்னி பொருந்தவில்லை என்றால் அக்காவும் பொருந்தாமல் போய்விடுவாளா? நான் உன்னிடம் வேறு என்ன கேட்டுவிடுவேன் என்று பயந்தாய்?

ஆறு மணி நேர ரயில் தூரம்தான். எனக்கு மட்டும் அது கடல் கடந்த தூரமாக ஆனது ஏன் என்று சொல்லிவிடு. வர முடியாவிட்டாலும் அதையாவது சொல்லு.

உன் அக்கா

ஜூலை 20

அக்கா,

பொருந்தியது.

இந்த ஒரு வார்த்தையை எழுதப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. கிட்னி பொருந்தியது அக்கா. ரத்தம், திசு எல்லாமே பொருந்தியது.

அன்றைக்குக் காலையில் அந்த டாக்டரம்மா என்னை மட்டும் தனியாக ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். தானம் தருகிற எல்லோரையும் கடைசியாக ஒரு தடவை அப்படிக் கேட்பார்களாம். கதவைச் சாத்திவிட்டு, "உங்களை யாராவது கட்டாயப்படுத்தறாங்களா? மனசார சம்மதமா?" என்று கேட்டார்கள். மேஜையில் என் ஸ்கேன் படம் கிடந்தது. என் இரண்டு கிட்னியும் அதில் தெரிந்தன. இடது பக்கத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்கள். அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளை நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஆனால் நினைக்கவில்லை. யாரையும் நினைக்கவில்லை. "பயமா இருக்கு டாக்டர்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர்கள் திட்டவில்லை. பேனாவைக் கீழே வைத்தார்கள். "சரிம்மா. பொருந்தலன்னு மட்டும் சொல்லிடறோம். காரணத்த நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். நீங்க வீட்டுக்குப் போகலாம்."

வெளியே வந்தேன். அதற்குள் உனக்குச் சொல்லிவிட்டிருந்தார்கள். நான் அழுவதைப் பார்த்து நீ என்னைக் கட்டிக்கொண்டாய். "நீ எதுக்குடி அழற? உன் ரத்தம் அப்படி இருந்தா நீ என்ன பண்ணுவ?" என்றாய். வீங்கிய காலோடு இரண்டு மாடி இறங்கிப் போய் எனக்கு பன்னும் டீயும் வாங்கி வந்தாய். "காலையிலேர்ந்து வெறும் வயித்தோட இருக்கா பாவம்" என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னாய்.

அந்த பன்னை நான் முழுசாகத் தின்றேன் அக்கா. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த முகத்தோடு உன் வீட்டுக்கு வருவேன்?

இது என் வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. இனிமேல் உன் இஷ்டம்.

பொடிசு

செப்டம்பர் 11

தங்கைக்கு,

அதற்கப்புறம் நீ எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. ஆகஸ்டில் நீ வந்து கதவைத் தட்டியபோது நான் உள்ளேதான் இருந்தேன். மேல் வீட்டுக்காரி, "அக்கா இப்பதானே ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தாங்க" என்று உன்னிடம் சொன்னதும் கேட்டது. நீ செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்ததும், பிறகு எழுந்து போனதும் கேட்டது.

ஆஸ்பத்திரியில் நீ பின்வாங்கிய அன்றைக்குப் பிறகு இந்த நாற்காலியில் எத்தனை தடவை உட்கார்ந்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். அறுநூறைத் தாண்டுகிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊசி.

பயந்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். உன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த வருஷமே நம் அத்தை மகன் வந்தான். "நான் தரேன், என்னோடத டெஸ்ட் பண்ணிப் பார்க்கச் சொல்லு" என்றான். "கூடப் பிறந்தவளோடதே பொருந்தல, உன்னோடது எங்கடா பொருந்தப் போகுது?" என்று நான்தான் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தேன். இப்போது அவனுக்குச் சர்க்கரை. கொடுக்க நினைத்தாலும் முடியாது.

நீ உண்மையைச் சொல்லியிருந்தால் ரெண்டு நாள் அழுதிருப்பேன். மூன்றாம் நாள் அவனைக் கூப்பிட்டிருப்பேன்.

இன்னொன்று. கிட்னி தர முடியாதவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாவது போயிருக்கலாம். எனக்கு அதுதான் ஆறவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத முயன்றேன். வரவில்லை. காகிதம்தான் வீணானது. ஆனால் நவம்பர் பதினைந்தாம் தேதி நான் கடல்நாய் பார்க்கப் போகிறேன். உறவுக்காரர் கையெழுத்து இல்லாமல் அவர்கள் மெஷின் தர மாட்டார்கள். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? படிவத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். குடிலில் பேசக் கூடாது என்பது நமக்கு வசதியாகப் போயிற்று.

அக்கா

செப்டம்பர் 17

அக்கா,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கி வைத்தார். பிறகு, "போய்ட்டு வா. அவங்க என்ன சொன்னாலும் எதிர்த்துப் பேசாத" என்றார்.

அத்தை மகன் விஷயம் எனக்குத் தெரியாது.

வருகிறேன்.

பொடிசு

டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. எட்டு நாள் கூடவே இருந்தும் பேசாமல் விட்டதை எழுதித்தானே ஆக வேண்டும்.

முதல் இரண்டு நாள் நீ என்னிடம் பேசியதெல்லாம் "கதவைச் சாத்து", "ஜன்னலைத் திற", "அது என் கம்பளி" இவ்வளவுதான். பெட்டியைக்கூடத் தூக்க விடவில்லை. அந்த ஊர் நர்ஸ் உனக்கு ஊசி ஏற்றும்போது நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். நீ அதைப் பார்த்துவிட்டாய். "பாரு" என்றாய். பார்த்தேன். அவ்வளவு தடிமனான ஊசி என்று எனக்குத் தெரியாது அக்கா. நான்கு வருஷமாக அதை நினைத்துக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் குடில். காற்று பலகை இடுக்கில் ஊளையிட்டது. மணல் முழுக்கச் சாம்பல் நிறத்தில் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. நடுநடுவே வெள்ளை வெளேர் என்று குட்டிகள். நமக்கு நேரே ஒரு குட்டி மட்டும் தாய் இல்லாமல் கிடந்தது. தொலைந்துபோய்விட்டதோ என்று பதறிவிட்டேன். குடிலைப் பார்த்துக்கொள்ளும் காவலர் நம் காதருகே குனிந்து, தாய் மூன்று வாரம்போலப் பால் கொடுத்துவிட்டுக் கடலுக்குள் போய்விடும், திரும்பி வராது, குட்டி பசியோடு கிடந்து கிடந்து ஒரு நாள் தானாக நீந்தப் போகும் என்றார். நான் உன் பக்கம் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை.

பிறகு அவர் என் காதில் இன்னொன்று சொன்னார். இதுகள் கடலிலேயே வாழ்ந்தாலும் தண்ணீர் குடிப்பது அபூர்வமாம். மீனில் இருக்கிற ஈரமே போதுமாம். கிட்னி அப்படிப்பட்டதாம். திராட்சைக் கொத்துமாதிரி நூற்றுக்குமேல் குட்டிக் குட்டிக் கிட்னியாகச் சேர்ந்து ஒரு கிட்னியாம். இதை நான் உனக்கு எடுத்துச் சொன்னதும் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நூறா! ஒண்ணு கேட்டுப் பாரேன்டி" என்று வாய்விட்டுச் சிரித்தாய். காவலர் உதட்டில் விரல் வைத்தார். பக்கத்துப் பெஞ்சில் எல்லோரும் முறைத்தார்கள். உன்னால் அடக்க முடியவில்லை. எனக்கும் சிரிப்பு வந்து, அது எங்கேயோ அழுகையாக மாறிவிட்டது.

அப்போதுதான் உன் காதில் சொன்னேன். "அக்கா, இப்ப எடுத்துக்கோ. இந்தத் தடவ பயமில்ல."

நீ பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டாய். கேட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. திரும்பி வரும்வரை நீ ஒன்றும் சொல்லவில்லை. விமானத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாய். அதை ஒரு பதில் என்று எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

வந்ததும் நானே போய் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. காகிதங்களை வைத்திருக்கிறேன், உன் டாக்டரிடம் காட்டு. எந்தத் தேதி என்றாலும் வருகிறேன். யார் எந்த அறையில் கூப்பிட்டுக் கேட்டாலும் சம்மதம் என்று சொல்வேன்.

பதில் எழுது அக்கா. திட்டியாவது எழுது.

உன் பொடிசு

டிசம்பர் 9

அன்புள்ள பொடிசுக்கு,

கேட்டது. காற்றடித்தாலும் நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

உன் காகிதங்களை டாக்டரிடம் காட்டவில்லை. காட்டிப் பிரயோஜனமில்லை. போன மார்ச்சிலேயே என் பெயரை மாற்று அறுவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஐந்து வருஷ டயாலிசிஸில் இதயம் தளர்ந்துவிட்டதாம். "பெரிய ஆபரேஷன உங்க உடம்பு தாங்காதுங்க. எங்கயாவது போகணும்னு ஆசை இருந்தா இப்பவே போய்ட்டு வந்துடுங்க" என்றார். எவ்வளவு நாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏன் இப்போது என்று கேட்காதே என்று உனக்கு எழுதியது இதனால்தான்.

உன்னுடையது என்று இல்லை, இனி யாருடையதும் முடியாது.

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று நினைப்பாய். ஆகஸ்டில் நீ கதவைத் தட்டியபோது எனக்கு இது தெரியும். திறந்திருந்தால் சொல்லியிருப்பேன். உனக்கு வலிக்க வேண்டும், ஆயுசுக்கும் நீ தூங்கக் கூடாது என்றே சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்லிவிடக் கூடாது என்றுதான் உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ படியில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க நின்றேன்.

குடிலில் சொல்லியிருக்கலாம். ஆனால் பயமில்லை என்று நீ சொன்ன குரல் நன்றாக இருந்தது. கொஞ்ச நாளாவது நீ அப்படி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பைனாகுலரில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியெல்லாம் ஈரம்.

கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. செவ்வாய்க்கிழமை அதிகமாக இருக்கிறது, வியாழன் கொஞ்சம் குறைகிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ அதற்காகக் காத்திருக்காதே, அவ்வளவு நேரம் நம்மிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை கடையை அடைத்துவிட்டு ரயில் ஏறு. சனிக்கிழமை எனக்குக் காலை முறை, பன்னிரண்டு மணிக்கு முடியும். ஊசியை எடுத்ததும் பஞ்சு வைத்து இரண்டு துளையையும் அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர்களுக்கு வீட்டு ஆள் வந்து பிடிக்கிறார்கள். இங்கே நர்ஸ்கள் குறைவு. ஐந்து வருஷமாக நானே ஒற்றைக் கையால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றுக்கு யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பத்து நிமிஷம் பிடிக்க வேண்டும். கை கடுக்கும். விட்டுவிடாதே.

உன் அக்கா